நீல டிக் எதற்கு உத்தரவாதம்?

இன்ஸ்டாகிராமில் நீல டிக் உள்ள கடை என்றால் நம்பி வாங்கலாம் என்று பலர் பகிர்கிறார்கள். அப்படி இல்லைங்க. 2023 முதல் மாதச் சந்தா கட்டி, அடையாளச் சான்றைக் காட்டியும் அந்த டிக்கை வாங்கலாம். கணக்கு யாருடையது என்பதோடு அதன் வேலை முடிந்தது. பொருளின் தரத்தை அங்கே யாரும் சோதிப்பதில்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இந்தச் சந்தாத் திட்டமான மெட்டா வெரிஃபைட் பற்றிய உதவிப் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். அப்புறம், கடையின் புரொஃபைலில் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, கணக்கைப் பற்றிய விவரத்தைத் திறந்து பாருங்கள். கணக்கு எப்போது தொடங்கியது என்று தெரியும். பல கணக்குகளுக்கு எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்பதும் தெரியும். அடிக்கடி பெயர் மாறியிருந்தால் தயவுசெய்து முன்பணம் அனுப்பாதீர்கள்.