ரசத்தை ஏன் இப்படிக் கொதிக்க விடுகிறீர்கள்?

கல்யாண வீடு, மெஸ், சொந்தக்காரர் வீடு, எங்கே போனாலும் இதே கொடுமைதான். ரசம் தளதளவென்று கொதித்துக்கொண்டே கிடக்கிறது! நுரை கட்டி வரும்போதே இறக்க வேண்டாமா? மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட வாசனையெல்லாம் ஆவியோடு பறந்துவிட்டால் இலையில் எனக்கு என்ன மிச்சம்? வெறும் புளித்தண்ணீர். கேட்டால், "பச்சை வாசனை போகணுமே" என்கிறார்கள். அதற்குத்தானே புளிக்கரைசலை முதலிலேயே கொதிக்க வைப்பது! பருப்புத் தண்ணீர் விட்ட பிறகும் எதற்குக் கால் மணி நேரம்? கொத்தமல்லி வேறு கறுத்துச் சுருண்டு மிதக்கிறது. போதாக்குறைக்கு, ஆறிவிட்டதென்று மறுபடியும் அடுப்பில் ஏற்றுவார்கள். கடைசியில் நெய்யில் தாளித்துக் கொட்டினால் போன வாசனை திரும்பி வருமா? ரசத்துக்காகத்தான் நான் சாம்பாரையே அளவாக வாங்கிக்கொள்கிறேன். அதையும் கெடுத்தால் எப்படி?