பெயர்கள் ஓடி முடியட்டும்

ஓடிடி தளங்களில் படம் முடிந்து, அதில் உழைத்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரையைச் சுருக்கி மூலையில் தள்ளிவிடுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன ஞாயிறு மகளோடு ‘மை நெய்பர் டோட்டோரோ’ பார்த்தேன். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1988இல் எடுத்த அனிமேஷன் படம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அக்காவும் தங்கையும் அவர் எப்போது வருவார் என்று ஏங்குவதுதான் கதையின் உயிர். அந்த அம்மா வீடு திரும்புவது கடைசியில் பெயர்களோடு வரும் ஓவியங்களில்தான். சரியாக அந்த இடத்தில் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. ‘அடுத்து’ என்று ஏதோ ஒரு கார்ட்டூன். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கை வேறு. சோபா இடுக்கிலிருந்து ரிமோட்டை எடுப்பதற்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது.

“அப்போ அம்மா வீட்டுக்கு வரவே இல்லையாப்பா?” என்றாள் மகள். திரும்பப் போய்த் தேடிப்பிடித்துக் காட்டினேன். ஆனாலும் அந்த ஈரம் போய்விட்டது.

2008இல் வந்த ‘வால்-ஈ’ அனிமேஷன் படத்துக்கும் இதே கதிதான். மனிதர்களும் ரோபோக்களும் பூமியை மறுபடி உயிர்ப்பிப்பதை, குகை ஓவியத்தில் தொடங்கி வான்கோ பாணி வரை வரைந்து காட்டுவது பெயர்கள் ஓடும்போதுதான்.

அப்புறம், அந்தப் பெயர்கள்! மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து வரைந்தவருக்குக் கிடைப்பதே அந்த ஒரு வரி. அதையும் எறும்பளவுக்குச் சுருக்க எப்படி மனசு வருகிறது? செட்டிங்ஸுக்குள் போய் இதை நிறுத்திக்கொள்ளலாம், சரி. ஆனால் நான் ஏன் போய் நிறுத்த வேண்டும்? அடுத்தது வேண்டும் என்பவர் அழுத்திக்கொள்ளட்டும்.