மெலனின் எந்தக் கதிரைத் தடுக்கிறது?

செர்னோபில் அணு உலைக்குள் கதிர்வீச்சையே உணவாகக் கொண்டு கருப்புப் பூஞ்சை வளர்கிறது என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை முகநூலில் சுற்றுக்கு வருகிறது. அதன் பின்னாலேயே, கருத்த தோல் உள்ளவர்களைக் கதிர்வீச்சு அண்டாது என்ற முடிவையும் யாராவது ஒட்டவைத்துவிடுகிறார்கள். தோலுக்கும் அந்தப் பூஞ்சைக்கும் கருமை தரும் நிறமியான மெலனின் உயிரணுக்களைக் காக்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எந்தக் கதிரிடமிருந்து, எந்த வழியில் என்று கேட்காமலேயே அதற்குக் கவசப் பட்டம் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

வெயிலைப் பொறுத்தவரை இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. மேல்தோலின் அடியில் உள்ள மெலனோசைட் செல்கள் நிறமியைச் சிறுசிறு பொதிகளாக ஆக்கி அண்டை செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிக்கொண்ட செல், அந்தப் பொதிகளை எல்லாப் பக்கமும் இறைத்து வைக்காமல், தன் உட்கருவின் மேல், வெயில் விழும் பக்கமாகப் பார்த்துக் குடைபோல் விரித்து வைக்கிறது. டி.என்.ஏ. இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அந்த நிழல் விழுகிறது. 1979-இல் வெளியான அளவீட்டின்படி, வெயிலில் தோலைக் கன்றவைக்கும் புற ஊதா-பி கதிர்களில் வெள்ளையரின் மேல்தோலைக் கடந்து உள்ளே போனது சுமார் 24 விழுக்காடு; கறுப்பினத்தவரின் மேல்தோலைக் கடந்தது சுமார் 7 விழுக்காடுதான். தான்சானியாவில் பிறவியிலேயே நிறமி குன்றியவர்களுக்கு இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வருவது இதன் மறுபக்கம்.

அந்த வெயிலிலும் மெலனின் முழு நல்லவன் அல்ல. செம்பட்டை முடிக்காரர்களிடம் மிகுந்திருக்கும் ஃபியோமெலனின் என்ற செந்நிற மெலனின் வகை, பாதுகாப்பதைவிடத் தீங்கு செய்வதே அதிகம் என்று கருத இடமிருக்கிறது. நிழலுக்கு வந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகும், வெயிலில் வாங்கிய ஆற்றலை மெலனின் வழியாகப் பெற்று டி.என்.ஏ. தொடர்ந்து சேதமடைகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இனி அணுக்கதிர்வீச்சில் ஊடுருவும் திறன் மிகுந்த காமா கதிருக்கு வருவோம். அணு உலைக் கழிவில் இருக்கும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் ஒரு காமா துகளின் ஆற்றல், புற ஊதா-பி துகள் ஒன்றின் ஆற்றலைப்போல ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு. தண்ணீரில் சுமார் 8 சென்டிமீட்டர் ஆழம் போன பிறகுதான் அந்தக் கதிர் பாதியாகிறது. நம் மேல்தோலின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மெலனினோ கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற எளிய தனிமங்களால் ஆனது; எடைக்கு எடை பார்த்தால் இந்தக் கதிரின் முன் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே தோலின் நிறம் காமா கதிரைத் தடுத்து நிறுத்தும் என்பது கணக்கிலேயே நிற்காது. கதிர் உள்ளே பாய்ந்து, செல்லில் உள்ள நீரைச் சிதைத்து உண்டாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை (அருகில் உள்ளதைத் தாக்கிச் சேதப்படுத்தும் மூலக்கூறு துண்டுகளை) மெலனின் பிடித்து அடக்கலாம். சிதறிவரும் எலெக்ட்ரான்களின் வேகத்தைத் தணிக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு அது சேதம் நிகழும் இடத்துக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும்.

பூஞ்சையில் அது அப்படித்தான் இருக்கிறது. உக்ரைனின் பூஞ்சை ஆய்வாளர் நெல்லி ஷ்தானோவா செர்னோபில் உலையின் சுவர்களில் கண்ட பூஞ்சைகளில் பல, மெலனின் நிறைந்தவை. ஒரே செல்லால் ஆன கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சையில் மெலனின் செல்லைச் சுற்றிலும் சுவராகப் படிந்திருக்கிறது. அடர் அமிலத்தில் கொதிக்க வைத்தால் செல் முழுவதும் கரைந்துபோய், மெலனின் மட்டும் உள்ளீடற்ற கருப்பு உருண்டைகளாக மிஞ்சும். இந்த உருண்டை வடிவம் குலைந்தால் பாதுகாப்புத் திறனும் குறைகிறது என்று ஆய்வாளர்கள் ததச்சோவா, கசடேவால் குழுவினர் கண்டார்கள். இதே குழு 2007-இல், இயல்பான பின்னணி அளவைவிடச் சுமார் 500 மடங்கு கதிர்வீச்சில் மெலனின் உள்ள பூஞ்சைகள் வேகமாக வளர்வதாகக் காட்டியது. அது வியப்பான முடிவுதான். ஆனால் இலை ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதற்கு இணையான ஒரு வழிமுறை அதில் நிறுவப்படவில்லை. "தின்கிறது" என்பது செய்தித் தலைப்புக்காரர்களின் சமையல்.

எலிகளிடம் நடந்த சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2012-இல், 9 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சுக்கு முன் மெலனின் உள்ள கருப்புக் காளான் ஊட்டப்பட்ட எலிகள் பெரும்பாலும் பிழைத்தன. வெள்ளைக் காளான் உண்டவை மடிந்தன. வெள்ளைக் காளானுடன் மெலனின் கலந்து கொடுத்தபோது அவையும் பிழைத்தன. இங்கே மெலனின் குடலுக்குள் இருந்தது, தோலில் அல்ல. விண்வெளி நிலையத்தில் பூஞ்சைப் படலம் கதிர்வீச்சைக் குறைத்ததாக வந்த செய்தியில், அந்தக் குறைவு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஒப்பிட்டது அதே வளர்ப்புத் தட்டில் பூஞ்சையே இல்லாத மறுபாதியோடு. நிறமியற்ற பூஞ்சையோடு ஒப்பிடாதவரை அந்த 2 விழுக்காட்டையும் மெலனின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

இயற்கையாகவே கதிர்வீசும் மோனசைட் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009-இல் வெளியான ஆய்வைக் காட்டி, "நம் நிறம்தான் காரணம்" என்பவர்களும் உண்டு. அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்டவர்கள் அதே வட்டாரத்தில் குறைந்த கதிர்வீச்சு பெற்ற, அதே நிறத்து மக்கள். நிறத்தைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்ல இயலாது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் எந்த நிறத்தவராக இருந்தாலும் அதே ஈய மேலங்கியைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் (உடலுக்கு நேரும் கதிர்வீச்சுப் பாதிப்பின் அலகு) என்ற பணியாளர் வரம்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்.