இடுக்கண் வந்தவரிடம் போய்ச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

இங்கே சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் வேலை இழந்த ஒருவர் எழுந்து வழி கேட்க, மேடைப் பேச்சாளர் குறள் சொல்லி அவரைச் சிரிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த இரண்டு நிமிடக் காணொளி ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கு வந்துவிட்டது. ஐந்திலும் கைதட்டும் படங்கள். "என்ன அருமையான பதில்" என்று என் சொந்த நாத்தனாரே எழுதியிருக்கிறார். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சாளரின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

அந்த அண்ணன் எழுந்து கேட்டது இதுதான். ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறேன். பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. இரவில் தூக்கம் இல்லை. என்ன செய்வது?

கிடைத்த பதில்: "இடுக்கண் வருங்கால் நகுக என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். எங்கே, ஒருமுறை சிரியுங்கள் பார்ப்போம்."

அவர் சிரித்தார். மண்டபம் கைதட்டியது. அந்த இடத்தை நான் நான்கு முறை நிறுத்திப் பார்த்தேன். அது சிரிப்பே இல்லை. நூறு பேர் முன்னால் வேறு வழியில்லாமல் உதடு விலகியது, அவ்வளவுதான்.

துன்பத்தில் இருப்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று. பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது வேறொன்று. முதலாவதைப் பிடுங்கி இரண்டாமவர் வாயில் வைத்தால் அது கொடுமை. இதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடனே "குறளையே குறை சொல்கிறாயா" என்று வருவீர்கள். வந்தும்விட்டீர்கள். நான் குறை சொல்வது குறளை அல்ல, பாதியோடு மூடிவைத்த புத்தகத்தை. நீங்கள் சொல்வது 621. அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி, 624-இல் ஒரு மாடு வருகிறதே, பார்த்தீர்களா? தடைப்பட்ட இடமெல்லாம் வண்டியை இழுத்து இழுத்து முன்னேறும் எருது. அது சிரிக்கவில்லை. மூச்சு வாங்குகிறது. அந்த அண்ணன் எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருப்பது அந்த வண்டியைத்தான். சரி, பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு வள்ளுவர் என்ன சொன்னார்? 788-ஐ எடுங்கள். அங்கேயும் இடுக்கண் என்ற அதே சொல்தான். உடுத்திய துணி நழுவும்போது கை எப்படிப் போகுமோ, அப்படிப் போய் இடுக்கண் களைவது நட்பு என்கிறார். கை அறிவுரை சொல்லுமா? துணி நழுவியவனைச் சிரிக்கச் சொல்லுமா? நாம் செய்தது என்னவென்றால், துணி நழுவிய மனிதரைப் படம் பிடித்து ஐந்து குழுக்களுக்கு அனுப்பினோம்.

"நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்கிறீர்கள். இருக்கட்டும்.

"நம் பாட்டன் பூட்டன் படாத கஷ்டமா, அவர்கள் புலம்பினார்களா" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்குத்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் கணவரின் தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப்போகப்பட்டவர். உயிரோடு திரும்பினார். ஆம், புலம்பவில்லை. பேசவே இல்லை. சாகும் வரை தலையணைக்கு அடியில் ஒரு பிடி அரிசியை முடிந்து வைத்திருந்தார் என்று மாமியார் சொல்வார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அதை வீரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். யாரும் பக்கத்தில் போய் உட்காரவில்லை என்று நான் சொல்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் கடைசியில் மன்னார்குடியில் என் அப்பா தவறிப்போனார். இந்தியா வெளிநாட்டு விமானங்களை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. இங்கே ஏப்ரல் 7 முதல் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. அண்ணன் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க, ஈசூன் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அப்பாவுக்குத் தீ மூட்டியதைப் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. அன்று எனக்கு அறுபதுக்கும் மேல் செய்திகள் வந்தன. தைரியமாக இரு. இதுவும் கடந்து போகும். எல்லாம் அவன் செயல். ஒருவர்கூட "சாப்பிட்டாயா" என்று கேட்கவில்லை. இன்று குறள் அனுப்புகிற சிலரும் அந்த அறுபதில் உண்டு. நான் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய் அம்மாவுக்கு, தமிழ் தெரியாது, வள்ளுவரைத் தெரியாது. நோன்பு மாதம். பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் கஞ்சியை அவரே வீட்டில் காய்ச்சினார். பகலெல்லாம் பட்டினி கிடந்த அந்த அம்மா, தான் நோன்பு திறக்கும் முன் எங்கள் வீட்டு இரும்புக் கதவில் ஒரு பையை மாட்டிவிட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பதினொரு நாள். ஒரு நாளும் தைரியமாக இரு என்று சொன்னதில்லை. பன்னிரண்டாம் நாள் நானே எழுந்து உலை வைத்தேன்.

"மேடையில் நின்று அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்" என்றும் கேட்கிறீர்கள். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கத்தின் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. முதல் மாதம் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை. வேலை இருந்தபோது மாத வருமானம் சராசரியாக 5,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு. அதற்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டிருக்கலாம். தூக்கம் இல்லை என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லும்போது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் தெரியாவிட்டால், "கூட்டம் முடிந்ததும் இருங்கள், காப்பி குடிப்போம்" என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் தற்கொலைக்கு முயல்வதே 2019 வரை குற்றம். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் இல்லை. சட்டமே தண்டிப்பதை நிறுத்திவிட்டது. நாம் இன்னும் மேடை போட்டுத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாது என்றாரே அவர். அந்தக் காணொளியில் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய பிள்ளைகளிடம் கைப்பேசி இருக்காதா? அவர்களுடைய பள்ளித் தோழர்களிடம் இருக்காதா? எட்டு மாதம் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டு ஒரு அப்பா காப்பாற்றிய ஒன்றை, நாம் இரண்டே நாளில் தெருவில் போட்டுவிட்டோம். என் நாத்தனாரும் அனுப்பினார். முதல் முறை வந்தபோது முழுதாகப் பார்க்காமல் நானும் என் அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு அழித்தேன். நீங்களும் அழியுங்கள். இன்றே அழியுங்கள், மற்ற வாதத்தை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த அண்ணனை அறிந்தவர்கள் இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். எந்த வட்டாரம், வீட்டில் எத்தனை பேர், சைவமா அசைவமா என்பது மட்டும் போதும்.