மாஸ்டரின் கொப்பியும் புளொக்செயினும்

டித்வா புயல் இலங்கையில் அடித்து ஓய்ந்த இரண்டாவது கிழமை. மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு உலர் உணவுப் பொதியும் தார்ப்பாயும் கொண்டுபோவதற்காக எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் காசு சேர்த்தோம். கனடா, லண்டன், சுவிஸ் என்று எல்லாப் பக்கத்தாலும் வந்தது. இங்கே ஊரில் கணக்குப் பார்த்தவர் எங்களுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர். பெயர் வேண்டாம், மாஸ்டர் என்றே சொல்கிறேன். அவர் வீட்டு விறாந்தையில் இருந்துதான் அரிசி, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் பொதி கட்டினோம்.

மாஸ்டரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அந்தந்தப் பக்கத்திலேயே பில்லும் பின் அடித்திருக்கும். தார்ப்பாய் வாங்கிய பில்லில் ஒன்று 4,500 ரூபா என்று எழுதியிருந்ததை வெட்டி, மேலே 5,200 என்று போட்டிருந்தது. கடைக்காரர் முதலில் சின்ன அளவுக்கு விலை எழுதினார். நாங்கள் பெரியது கேட்டதும் அதே துண்டில் திருத்திவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாங்கியது 12 தார்ப்பாய், ஆக வித்தியாசம் 8,400 ரூபா.

பில்லின் படம் குழுவில் போனதும் ஒருவர் கேட்டார், "இதை வெட்டினது ஆர்?" நான் நடந்ததை எழுதினேன். எடுபடவில்லை. மாஸ்டர் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டார். "கொப்பியை நேற்றிரவு இருந்து எழுதியிருக்கலாம்தானே?" என்றார் இன்னொருவர். அதற்கு மாஸ்டரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. மூன்றாம் நாள் அவர் குழுவை விட்டு விலகினார். அடுத்த மாதம் வெருகலுக்குப் போவதாக இருந்த பொதிகள் போகவே இல்லை.

கேள்வி கேட்டவர்களை நான் திட்டப் போவதில்லை. குளிருக்குள் இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு அது. சுனாமி நேரம் நாங்கள் பார்த்ததையும் மறக்க முடியுமா? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென்று உலகம் தருவதாகச் சொன்ன உதவி ஏறத்தாழ 13.5 பில்லியன் டொலர். அதில் 5 பில்லியனுக்கு மேல் சாதாரண சனம் தன் கையால் போட்டது. இங்கே கரையிலோ ஒரே வீட்டுக்கு இரண்டு நிறுவனம் வள்ளம் கொடுத்தது. தினமும் கடலுக்குப் போகிறவன் வெறுங்கையோடு நின்றான். எங்கே எவ்வளவு போனது என்று கேட்கக்கூட இடம் இருக்கவில்லை. அந்தச் சூட்டை வாங்கிய சனம் இன்றைக்கு ஒரு வெட்டுக் கோட்டைக் கண்டு பதறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சந்தேகம் போய் விழுந்தது யார் தலையில்? களவெடுக்கிறவன் வெட்டாத பில் ஒன்றை அச்சடித்தே கொண்டுவருவான். மாட்டுப்பட்டது நேர்மையான மனிசன். அதனால்தான் இந்தப் பதிவு. புளொக்செயின், அதாவது எழுதினதைப் பிறகு யாரும் ஒளித்து மாற்ற முடியாத கணினிக் கணக்குமுறை, நன்கொடை கொடுப்பவருக்குத் தேவை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட அது கணக்கு வைத்திருப்பவருக்குத் தேவை என்பது என் கருத்து.

புளொக்செயின் என்றதும் நிறையப் பேர் பிட்கொயினை நினைத்து ஒதுங்குகிறார்கள். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான 9 பக்கக் கட்டுரையில் இருந்து வந்ததுதான் பிட்கொயின், உண்மை. அந்தக் காசை விடுங்கள். அதன் அடியில் இருக்கிற கணக்குமுறைதான் விசயம். மாஸ்டரின் கொப்பியை வைத்தே சொல்கிறேன். முதல் பக்கத்தை எழுதி முடித்ததும், அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் கணினியிடம் கொடுத்தால் அது 64 எழுத்து நீளமான ஒரு குறியைத் தரும். முத்திரை என்று வைத்துக்கொள்வோம். 5,200இல் ஒரு சுழியை மாற்றினாலும் முத்திரை முழுக்க வேறாகிவிடும். முதல் பக்கத்தின் முத்திரையை இரண்டாம் பக்கத்தின் தலையில் எழுதி, அதையும் சேர்த்து இரண்டாம் பக்கத்துக்கு முத்திரை போட வேண்டும். இப்படியே போனால், பத்து நாள் கழித்து யாராவது முதல் பக்கத்தில் கைவைத்தாலும் பின்னாலுள்ள எல்லாப் பக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த இதே கொப்பி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கும். நேற்றிரவு இருந்து எழுதியதா என்ற கேள்வி அதோடு செத்தது.

இதற்கு யாரும் கிரிப்டோ நாணயம் வாங்கத் தேவையில்லை. அந்த நாணயங்களைப் பற்றி மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது, நானும் ஊர்ச் சனத்தை அதற்குள் இழுக்கமாட்டேன். காசு வழக்கம்போல வங்கியால் ரூபாவில் வரட்டும். பில்லின் படம், வங்கிக் கூற்று, கொப்பியின் பக்கம் ஆகியவற்றின் முத்திரை மட்டும் அன்றன்றே பொதுச் சங்கிலியில் ஏறினால் போதும். ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற கருவி இதை இலவசமாகவே செய்கிறது. நம் கோப்பு நம்மிடமே இருக்கும். இந்த நாளில் இந்தக் கோப்பு இப்படித்தான் இருந்தது என்பதற்குச் சாட்சி மட்டும் பிட்கொயின் சங்கிலியில் பதிவாகும்.

பெரிய இடங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். உலக உணவுத் திட்டம் 2017இல் ஜோர்தானின் அஸ்ராக் முகாமில் சிரிய அகதிகள் 10,000 பேருக்கு இப்படி உதவி கொடுத்தது. கடையில் சாமான் எடுத்துவிட்டுக் கண்ணைக் கருவியில் காட்டினால் அவர்கள் கணக்கில் கழியும். வங்கிக்குப் போன கட்டணம் பெருமளவு மிச்சமானது. ஆனால் ஆரம்பத்தில் அந்தப் பேரேட்டை நடத்தியது அந்த ஒரு நிறுவனம்தான். கொப்பி ஒருவர் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் ஒன்றுதான். 2021 மே மாதம் எதீரியம் என்ற இன்னொரு புளொக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின், இந்தியாவின் கொவிட் நிவாரணத்துக்கு அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1 பில்லியன் டொலர் பெறுமதியான ஷிபா என்ற கிரிப்டோ நாணயங்களை அனுப்பினார். அனுப்பிய கையோடு உலகமே அதைப் பார்த்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் உள்ள வழி அப்படிச் சங்கிலியில் தெரிவதில்லை.

இங்கேதான் விசயம் இறுகுகிறது. 80 குடும்பத்துக்குப் பொதி கொடுத்தோம் என்று நான் சங்கிலியில் ஏற்றினால் அது என்றைக்கும் அழியாது. ஆனால் 60தான் கொடுத்திருந்தால்? பொய்யும் அழியாமல் அங்கேயே இருக்கும். சங்கிலிக்குக் கண் கிடையாது. பொதியை வாங்கின கைக்குத்தான் தெரியும். ஆகவே அந்தக் கையும் கணக்கில் எழுத வேண்டும். ஒவ்வொரு பொதியிலும் ஓர் இலக்கம் ஒட்டி, கிடைத்தவர் அந்த இலக்கத்தைக் குறுந்தகவலில் அனுப்பினால் பதிவாகிற மாதிரி. "பருப்பு வண்டு" என்று ஒரு அம்மா எழுதினால் அதுவும் பதிய வேண்டும், அதை அழிக்க நிர்வாகசபைக்கு வழி இருக்கக்கூடாது. இத்தனை வருடமாக நிவாரணத்தில் கேள்வி கேட்டதெல்லாம் கொடுத்தவர்கள்தான். வாங்கினவர்களிடம் ஒரு கையெழுத்தும் ஒரு படமும் மட்டுமே எடுத்திருக்கிறோம்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பனருக்குப் பக்கத்தில் பொதியோடு நிறுத்திவைத்து எடுத்த ஒரு பெண்ணின் முகத்தை நான் கிட்ட நின்று பார்த்தேன். அவள் கமராவைப் பார்க்கவில்லை, மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதைக் காட்டிக் கேட்பார்கள் என்று தாய்க்குத் தெரியும். முகநூல் படத்தையாவது அழிக்கலாம். சங்கிலியில் ஏறினதை அழிக்கவே முடியாது. இது பெயர்ப் பட்டியலுக்குப் பயந்து வாழ்ந்த ஊர். கணவன் இல்லாதவர், கால் இழந்தவர், காணாமல் போனவரின் குடும்பம் என்று நாங்கள் எழுதுகிற பட்டியல் ஒன்றும் சங்கிலிக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கிராம உத்தியோகத்தரிடமும் எங்கள் பூட்டிய அலுமாரியிலும் இருக்கட்டும். சங்கிலியில் காசும் பொதி இலக்கமும் மட்டும். இதில் நான் ஒரு அடிகூட இறங்கமாட்டேன், எவ்வளவு பெரிய நன்கொடையாளர் கேட்டாலும்.

ஞாயிறு பின்னேரம் மாஸ்டர் வீட்டுக்குப் போகிறேன். நடந்த பழைய கணக்கை இது நிரூபிக்காது, அது எனக்கும் தெரியும், அவருக்கும் சொல்லுவேன். ஆனால் முதல் முத்திரை அவருடைய அந்தக் கொப்பிக்குத்தான், வெட்டின பில்லோடு அப்படியே. பிறகு வெருகலுக்கான கணக்கைப் புதுப் பக்கத்தில் அவர் கையாலேயே தொடங்கக் கேட்கப் போகிறேன். குறுந்தகவல் வேலையைச் செய்துதர மென்பொருள் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டும். உள்ளூரில் இருந்தால் நல்லது, பொதி கொடுக்கிற அன்று கூடவே வரலாம்.