காற்றைக் கவனித்தால் டூர் டி பிரான்ஸ் சலிக்காது

"நூற்றி எண்பது பேர் கூட்டமா சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போறதுல பார்க்க என்ன இருக்கு?" டூர் டி பிரான்ஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். பிரான்ஸைச் சுற்றி நடக்கும் இந்த சைக்கிள் பந்தயத்தில் 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), 23 நாள், சுமார் 3,400 கிலோமீட்டர். எல்லா ஸ்டேஜின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயிப்பார். ஒரு நாள் ஓட்டமே நாலைந்து மணி நேரம். யார் முன்னால் போகிறார் என்று மட்டும் பார்த்தால் அரை மணி நேரத்தில் தூக்கம் வரும். என் கருத்து என்னவென்றால், உலகத்திலேயே பரபரப்பான விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பரபரப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது காற்றில் இருக்கிறது.

ஆடிக்காற்றில் எதிர்த்து மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் பஸ்ஸோ லாரியோ போனால் அதன் மறைவில் சைக்கிள் தானாக ஓடுவதுபோல் இருக்குமே, அதேதான். சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது வீரர் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் காற்றைத் தள்ளவே போகிறது. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம். பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளர் 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்து 2018இல் செய்த ஆய்வில், உள்ளே நன்றாக மறைந்திருப்பவர் மீது படும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று வந்தது. கோப்பையை ஜெயிக்கப் போகிறவர் முதல் மூன்று மணி நேரம் எதுவுமே செய்யாததுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். அவருக்காக ஏழு பேர் காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குழுவின் காருக்குப் பின்வாங்கிப் போய், ஜெர்சிக்குள் ஆறேழு தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டு மறுபடி முன்னால் ஏறி வருவதும் அவர்கள் வேலை.

காலையில் நாலைந்து பேர் தப்பித்து முன்னால் ஓடுவார்கள். அவர்கள் பிடிபடுவார்களா என்பதைத் திரையிலேயே கணக்குப் போடலாம். பிரெஞ்சு வர்ணனையாளர் ரோபேர் ஷபாத் பெயரில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: கூட்டம் மனது வைத்துத் துரத்தினால் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் குறைக்கும். 30 கிலோமீட்டர் பாக்கி, இடைவெளி 2 நிமிடம் என்றால் பிடித்துவிடுவார்கள். அதே தூரத்தில் 3 நிமிடத்துக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். ஸ்பிரிண்ட் வீரர், அதாவது கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிப்பவர், இருக்கும் குழுக்கள் துரத்தும் பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டால் கணக்கு தப்பிவிடும். அந்த இழுபறியும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பக்கக் காற்று அடிக்கும் நாள். மலையே இருக்காது, வரைபடத்தைப் பார்த்தால் கோடு போட்டதுபோல் தட்டையாக இருக்கும். ஆனால் வயல்வெளி நடுவே ரோடு ஒரு திருப்பம் திரும்பும், காற்று இடப்பக்கம் வந்துவிடும். அப்போது மறைவு முன்னிருப்பவரின் நேர் பின்னால் இல்லை, வலப்பக்கம் சாய்வாக இருக்கிறது. எனவே வீரர்கள் ரோட்டின் குறுக்கே சாய்வரிசையாக விரிவார்கள். ரோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு பேருக்குத்தான் இடம். குறுகலான ரோட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் கொள்ளாது. அடுத்த ஆள் ரோட்டு ஓரத்தில் மாட்டிக்கொள்வார். மறைவு இல்லாமல், முன்னால் இருப்பவரின் அதே வேகத்தில், முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாங்குவார். பிறகு ஒரு மீட்டர் விடுவார், அது ஐந்து மீட்டராகும். அவர் பின்னால் வந்த நூறு பேரும் அத்தோடு அறுந்துபோவார்கள்.

அறுந்த உடனே செய்ய வேண்டியது, துரத்துவதை விட்டுவிட்டு அங்கேயே இரண்டாவது சாய்வரிசை கட்டுவது. பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். ஆளாளுக்கு முதல் வரிசையைத் தாவிப் பிடிக்கலாம் என்று ஓரத்திலேயே தொங்கி, ஒருவர்பின் ஒருவராகக் கால் செத்துப்போவார்கள். இது வரப்போகிறது என்பதை முன்கூட்டியே பார்க்கலாம். ஹெலிகாப்டர் காட்சியில் மரமும் கொடியும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். காரணமே இல்லாமல் ஒரு குழு எட்டுப் பேரும் வரிசையாக முன்னால் ஏறி வந்தால், அடுத்த திருப்பத்தில் என்னவோ நடக்கப்போகிறது.

2020இல் லவோர் நகருக்குப் போன ஏழாவது ஸ்டேஜ் அப்படித்தான். பக்கக் காற்றில் கூட்டம் உடைந்தபோது ஸ்லோவேனியாவின் இளம் வீரர் ததேய் போகச்சார் பின்பக்கம் மாட்டிக்கொண்டார். 1 நிமிடம் 21 விநாடி போயிற்று. மலையே ஏறாமல் அவ்வளவு இழப்பு. இரண்டு வாரம் கழித்து, கடைசிக்கு முந்தின நாள் டைம் ட்ரயல்: 36.2 கிலோமீட்டர், முடிவு லா பிளான்ஷ் மலைமேல். தனித்தனியாக ஓட்ட வேண்டும், யார் மறைவும் கிடையாது. மொத்த நேரத்தில் 57 விநாடி முன்னணியோடு கிளம்பிய இன்னொரு ஸ்லோவேனிய வீரர் பிரிமோஷ் ரோக்லிச், அன்று மட்டும் போகச்சாரிடம் 1 நிமிடம் 56 விநாடி இழந்தார். இறுதி வித்தியாசம் 59 விநாடி. 21 வயசுப் பையன் போகச்சார் டூரையே ஜெயித்தான். மூன்று வாரமும் ரோக்லிச்சை மறைத்துக் கூட்டிவந்த பலமான குழுவால் அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் செய்ய முடியவில்லை.

மலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. 65 கிலோ வீரர், சைக்கிளும் மற்றதும் 8 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 370 வாட் வேண்டும். அதில் 320 வாட் அளவு எடையைத் தூக்கவே போகிறது. காற்றுக்குப் போவது 30 சொச்சம். ஒளிந்துகொள்ள இடமே இல்லை, உடம்பில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

பாக்கி என்பது சாப்பாட்டைப் பொறுத்தது. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்க முடிகிற மாவுச்சத்து 500 கிராம் அளவுதான், அதாவது சுமார் 2,000 கலோரி. கடினமான மலை நாளில் மணிக்கு 800, 900 கலோரி எரிகிறது. ஆகவே ஓட்டிக்கொண்டே மணிக்கு 90 முதல் 120 கிராம்வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் 60 கிராமுக்குமேல் உறிஞ்சாது, எனவே ஃபிரக்டோஸும் கலந்த ஜெல், பானம். ரோட்டோரத்தில் நீட்டும் ஒரு சாப்பாட்டுப் பையைக் கை தவறவிட்டாலும், வெயிலில் வயிறு மறுத்துவிட்டாலும், பலன் ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும்.

2022இல் க்ரானோன் ஏற்றத்தில் நடந்ததைப் பார்த்தால் எதிராளியைக் காலி செய்வது எப்படி என்று புரியும். அதற்கு முந்தின கலிபியே மலையிலேயே ரோக்லிச்சும் அவர் குழுவின் டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கேகாரும் மாற்றி மாற்றித் தாக்கினார்கள், அதாவது திடீரென்று வேகமெடுத்து முன்னால் பாய்ந்தார்கள். குழுத்துணை இல்லாத போகச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே எழுந்து பதில் கொடுத்தார். அப்போது பார்க்கத் தெம்பாகத்தான் தெரிந்தார். 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதம் கொண்ட க்ரானோனில் விங்கேகார் கிளம்பியதும், ஜெர்சி ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு போகச்சார் அப்படியே பின்தங்கினார். காலையில் 39 விநாடி முன்னால் இருந்தவர், 2 நிமிடம் 51 விநாடி இழந்து, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியையும் இழந்தார்.

எல்லா நாளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். காற்றில்லாத சமதரை ஸ்டேஜில் நடு மூன்று மணி நேரத்தில் ஒன்றுமே நடப்பதில்லை, கடைசி 20 கிலோமீட்டர் போதும். நம் ஊர் நேரத்துக்கு இரவு ஒன்பது மணியை ஒட்டி முடிவு வரும், எட்டரைக்கு உட்கார்ந்தால் சரி. மலை நாளில் மட்டும் கடைசி இரண்டு ஏற்றத்தையாவது முழுதாகப் பாருங்கள். போகச்சார் 6 நிமிடம் 17 விநாடியில் ஜெயித்த 2024 போல, மஞ்சள் ஜெர்சிக்குப் போட்டியே இல்லாத வருடங்களும் உண்டு. அந்த வருடம் புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியைத்தான் பார்த்திருக்க வேண்டும். எரித்ரேயாவின் பினியம் கிர்மாய் அதை எடுத்தார்.

அதே 2024 ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் நடந்தது. ஒரே ஒரு ஸ்டேஜ் பார்க்கிறேன் என்பவருக்கு நான் அதன் கடைசி நாளைத்தான் கொடுப்பேன். மஞ்சள் ஜெர்சியில் இருந்த நெதர்லாந்தின் டெமி ஃபோலரிங் ஐந்தாவது ஸ்டேஜில் முடிவுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தார். கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்திருந்தால் இழந்த நேரம் கணக்கில் வராது என்பது விதி. அவர் அந்த எல்லைக்கு வெளியே விழுந்ததால் ஒன்றே முக்கால் நிமிடம் போனது. கடைசி நாள் காலையில் போலந்தின் கேஷா நியவியாடோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்னால் இருந்தார். 19.7 கிலோமீட்டர் நீளமான க்ளாந்தோன் ஏற்றத்திலேயே ஃபோலரிங் கிளம்பிவிட்டார். மலை இறங்கியதும் அல்ப் துவேஸ் அடிவாரம்வரை பள்ளத்தாக்கு, அங்கே மறுபடி காற்று. முன்னால் ஃபோலரிங்கும் இன்னொருவரும்தான், பெரும்பகுதி காற்றை ஃபோலரிங்தான் தாங்கினார். பின்னால் நியவியாடோமா இருந்த குழுவில் ஆட்கள் அதிகம், வேலையைப் பங்குபோட முடிந்தது. அல்ப் துவேஸின் 21 கொண்டைஊசி வளைவுகளையும் ஏறி ஃபோலரிங் ஜெயித்தார். நியவியாடோமா 1 நிமிடம் 1 விநாடி கழித்துக் கோட்டைத் தாண்டினார். ஸ்டேஜில் முதலிடம் வந்தவருக்கு மொத்த நேரத்தில் கழித்துக்கொடுக்கும் 10 விநாடி போனஸையும் சேர்த்தால் 1 நிமிடம் 11 விநாடி. எட்டு ஸ்டேஜ் ஓட்டம் 4 விநாடியில் நியவியாடோமாவுக்குப் போனது.

பதிவு கிடைத்தால் க்ளாந்தோன் அடிவாரத்திலிருந்து போடுங்கள். பள்ளத்தாக்கு வந்ததும் இரண்டு குழுவிலும் யார் எவ்வளவு நேரம் முன்னால் மிதிக்கிறார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.