நாற்காலியில் உட்காருபவர் வேறு, காசு கொடுப்பவர் வேறு

தமிழ்நாட்டில் மாணவர்கள் தொழில் தொடங்க உதவும் 'இன்குபேஷன் சென்டர்' போர்டு தொங்காத பொறியியல் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு ஹேக்கத்தான், ஒரு ஐடியா போட்டி, மேடையில் பெரிய அட்டைக் காசோலை, குரூப் போட்டோ. 'சமூகத் தொழில்முனைவு' என்று தலைப்பு வைத்துவிட்டால் பார்வையற்றோருக்கான சென்சார் கோல் ஒன்று நிச்சயம் வரும். அடுத்த வருஷம் அதே கோல் வேறு டீம் கையில் வரும். போன வருஷத்துக் கோல் என்ன ஆனது என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. ஐஐடி டெல்லியில் உருவான அப்படிப்பட்ட கோலான ஸ்மார்ட்கேன் 2014லேயே விற்பனைக்கு வந்துவிட்டது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இந்த மையங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்? சமூக அக்கறையை வகுப்பெடுத்து வரவைக்க முடியாது. அக்கறையோடு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் வேறு: பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர், காசு கொடுப்பவர் மூன்றாமவர். சாதாரண வியாபாரத்தில் இந்த மூவரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஏழைகளுக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ செய்யும் தொழிலில் மூவரும் பிரிந்து நிற்பார்கள். அந்த இடைவெளியில்தான் நல்ல கண்டுபிடிப்புகள் விழுந்து காணாமல் போகின்றன.

சக்கர நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாக வழங்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகச் செய்த மாதிரிதான். எல்லாருக்கும் ஒரே அளவு. இருக்கை இடுப்பைவிட அகலமாக இருந்தால் உட்காருபவர் ஒரு பக்கம் சாய்வார், முதுகெலும்பு வளையும், கை சக்கர வளையத்துக்கு எட்டாமல் தோள்பட்டை வலிக்கும். கால்மிதி உயரமாக இருந்தால் தொடை மேலெழும்பி மொத்த எடையும் உட்காரும் எலும்பில் இறங்கும். உணர்ச்சியில்லாத உடம்பில் புண் வருவது பார்க்கும் வரை தெரியாது. பின்சக்கர அச்சு மிகப் பின்னால் இருந்தால் எடை முன்சக்கரத்தில் விழும், அந்தச் சின்னச் சக்கரம் மண்ணில் புதையும். அச்சை முன்னால் நகர்த்தினால் தள்ள லேசாக இருக்கும், கொஞ்சம் அதிகமாக நகர்த்தினால் ஆள் பின்னால் மல்லாந்துவிடுவார். ஒரு அங்குலத்தில் இவ்வளவு இருக்கிறது. வாங்குபவரோ டெண்டரில் குறைந்த விலையைப் பார்க்கிறார், எத்தனை நாற்காலி கொடுத்தோம் என்று கணக்கு எழுதுகிறார். புண் அந்தக் கணக்கில் வராது.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் டிடிகே ஆய்வு மையம் இந்த முடிச்சை இரண்டு விதமாக அவிழ்த்தது. 2019 நவம்பரில் வந்த 'அரைஸ்', உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் நாற்காலி. அறிவித்த விலை சுமார் 15,000 ரூபாய். உற்பத்தியைச் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸிடம் கொடுத்தார்கள். ஸ்மார்ட்கேனையும் சந்தைக்குக் கொண்டுவந்தது அதே நிறுவனம்தான். ஒவ்வொரு மாணவக் குழுவும் சொந்த ஃபேக்டரி போட வேண்டியதில்லை. வார்ப்பு அச்சும் தரச்சான்றும் விற்பனை ஆட்களும் ஏற்கெனவே உள்ள இடத்துக்கு லைசென்ஸ் கொடுத்துவிடலாம். இந்த வழியை நம் கல்லூரிகளில் யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாவது வழி நியோமோஷன். அதே ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நிறுவனம். அதன் நியோஃபிளை, ஒவ்வொருவரின் உடம்பு அளவுக்கும் ஏற்பச் செய்யப்படும் நாற்காலி, 2021இல் விலை 39,900 ரூபாய். அதன் முன்னால் மாட்டும் மோட்டார் இணைப்பு நியோபோல்ட் அப்போது 55,000 ரூபாய். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட லட்சம், ஏழைக்கு எட்டாதே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்காலியில் உட்காருபவரையே வாடிக்கையாளராக மதித்தால்தான் அளவெடுக்கும் வேலையே நடக்கும். அந்த வேலை நிலைத்த பிறகு நன்கொடையாளரையும் அரசையும் கொண்டுவருவதே சரியான வரிசை என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

களச்சோதனையும் இப்படித்தான், பயன்படுத்துபவரிடமே போனால்தான் விஷயம் தெரியும். 2007இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய எம்ப்ரேஸ், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பை. நம் நாட்டுக் கிராமத்தில் காட்டியபோது, 37 டிகிரியில் வைக்கச் சொன்னால் 30இல்தான் வைப்பேன் என்றாராம் ஒரு தாய். இங்கிலீஷ் மருந்து வீரியமானது, எதற்கும் குறைத்து வைப்பதுதான் பத்திரம் என்பது அவர் கணக்கு. எண்ணைத் தூக்கிவிட்டு, சரி அல்லது சரியில்லை என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். ஏசி அறையில் பத்து நிமிஷ பிட்ச் கேட்கும் நடுவருக்கு இது எந்தக் காலத்திலும் தெரியவராது.

இனி பணம். முன்மாதிரி செய்ய மத்திய அரசின் 'நிதி பிரயாஸ்' திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கும். 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டில் 20 லட்சம் வரை மானியம் இருந்தது. அதுவும் மொத்தமாக அல்ல, மைல்கல் முடிக்க முடிக்கத் தவணையாகத்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்த பிள்ளையை வீட்டில் சும்மா விடமாட்டார்கள். அதற்கு 'நிதி இஐஆர்' என்று, தொழில் தொடங்கும் பிள்ளைக்கு ஒரு உதவித்தொகை உண்டு, மாதம் 30,000 ரூபாய் வரை. படிவம் நிரப்ப ஆள் இருந்தால் இந்த மாதிரிப் பணம் வந்துவிடும்.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் நிறுவனப் பதிவு. 'சேவை' என்ற ஆசையில் லாப நோக்கமில்லாத செக்‌ஷன் 8 கம்பெனி தொடங்குவார்கள், சிஎஸ்ஆர் பணம், அதாவது பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம், கொட்டும் என்று. புது அமைப்புக்கு அது சுலபத்தில் வராது: அந்தப் பணம் வாங்க அரசிடம் சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும், கம்பெனிகளோ அரசோ தொடங்காத அமைப்பாக இருந்தால் அதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். இந்த வகைக் கம்பெனியில் லாபப் பங்கு கொடுக்க முடியாது என்பதால் முதலீட்டாளரும் வரமாட்டார். சரி, பிரைவேட் லிமிடெட் என்றால் சிஎஸ்ஆர் நன்கொடையை நேராக வாங்க முடியாது. டிரஸ்ட் ஒன்று, கம்பெனி ஒன்று என இரண்டு வைத்தால் ஒன்றுக்கொன்று விற்கும் விலையை ஆடிட்டர் துருவுவார். பதிவுக்குப் போகும் முன்பே, அடுத்த மூன்று வருஷம் காசு எந்த வாசல் வழியாக வரும் என்று ஒரு பக்கம் எழுத வைத்தாலே பாதி விபத்து தவிர்ந்துவிடும்.

அடுத்தது நடைமுறை மூலதனம், அதாவது விற்ற காசு வரும் வரை தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம். 40,000 ரூபாய் நாற்காலி 100க்கு ஆர்டர் வந்துவிட்டது என்று வையுங்கள். 40 லட்சம். குழாய், சக்கரம், பேரிங், கூலி என்று 26 லட்சம் முன்னாலேயே போய்விடும். சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். நூற்றிருபது நாள் கழித்து வந்தால்? அந்த நாலு மாதச் சம்பளத்தை ஆர்டர் காகிதத்தைக் காட்டிக் கொடுக்க முடியாது. ஆர்டர் இல்லாமல் மூடுவது ஒரு வகை, ஆர்டர் வந்ததாலேயே மூடுவது இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றி மையங்களில் பாடமே கிடையாது. பில்லை வங்கியில் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்குவது (பில் டிஸ்கவுன்ட்) எப்படி, முன்பணம் கேட்டு ஒப்பந்தம் எழுதுவது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித்தர, ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளர் வாரம் ஒரு நாள் வந்தால் போதும். பத்து மோட்டிவேஷனல் ஸ்பீக்கருக்கு ஆகும் செலவில் வருஷம் முழுக்க வருவார்.

ஒன்று விட்டுப்போயிற்று. பட்ஜெட்டில் உதிரிபாகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் முன்சக்கர பேரிங் போனால், அந்த ஊர் சைக்கிள் கடைக்காரரே மாற்றும் அளவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நாற்காலி ஆறே மாதத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டாகிவிடும்.